பேருந்தில் ஏறியவரை இறக்கிவிடாதீர்கள்

பருவநிலை பற்றிய கூட்டங்களில் பொதுமக்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது. காரை விடுங்கள், பேருந்தில் ஏறுங்கள், சைக்கிளை வெளியே எடுங்கள், பக்கத்துக் கடைக்கு நடந்து போங்கள் என்பது அது. அறிவுரை சரிதான். ஆனால், அது யாருக்கு? அதிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து நான்கு வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கட்டிட வேலைக்கு சைக்கிள் மிதிக்கும் கொத்தனாருக்கும், அரசுப் பள்ளிக்கு நடந்தே போகும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் போய்வருகிறார்கள். சூழலைக் காக்க வேண்டும் என்பதற்காக அல்ல, வேறு வசதி இல்லாததால்.

என் கவலை இவர்களைப் பற்றியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், அல்லது மாதத் தவணைக்குக் கடன் கிடைத்ததும், இவர்கள் வீட்டில் முதலில் வந்து நிற்பது ஒரு பைக். தமிழ்நாட்டில் பதிவான வாகனங்கள் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இருசக்கர வாகனங்கள். இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை பேருந்திலும் சைக்கிளிலும் போனவர்கள். அவர்கள் ஆசைப்பட்டு மட்டும் அந்தப் பழைய வழியை விடவில்லை. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்று, படிக்கட்டில் தொங்கி, வேலைக்குத் தாமதமாகி, சம்பளத்தில் பிடித்தம் கண்டு, கடைசியில் வெறுத்துப்போய் விட்டவர்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த பயணம் என்பதை நாம் இனிமேல்தான் கற்க வேண்டிய புதுப் பழக்கமாகப் பேசுவது, இந்த இழப்பைக் கண்ணில் இருந்து மறைத்துவிடுகிறது. காரில் போகும் நான்கு பேரைப் பேருந்துக்கு அழைத்து வருவது நல்லது. ஏற்கெனவே பேருந்தில் இருக்கும் நாற்பது பேரை இழக்காமல் இருப்பது அதைவிட அவசரம்.

ஒரு லிட்டரின் கணக்கு

இதை உணர்ச்சியாக மட்டும் சொல்லவில்லை, கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். டீசல் என்றால் 2.7 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் ஒருவர் போனால் கிலோமீட்டருக்கு 46 கிராம். நகர நெரிசலில் 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் தனியாகப் போனால் 150 கிராமைத் தாண்டும். ஒரு டீசல் பேருந்து லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 675 கிராம். அதில் 60 பேர் இருந்தால் தலைக்குப் பதினொரு கிராம் சொச்சம். 40 பேர் என்றால் 17 கிராம். பத்தே பேர் என்றால் 67 கிராம், அதாவது தனியாளாகப் பைக்கில் போவதைவிட அதிகம்.

பேருந்தைப் பசுமையாக்குவது அதில் ஏறும் மக்கள்தான் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஒருவர் இறங்கிப் பைக் வாங்கும்போது அவர் கணக்கில் 46 கிராம் கூடுவதோடு விஷயம் முடிவதில்லை. உள்ளே மிச்சமிருப்பவர்களின் பங்கும் ஏறுகிறது. வசூல் குறைகிறது. வசூல் குறைந்த தடத்தில் ட்ரிப் வெட்டப்படுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒன்று வந்த பஸ் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றாகிறது. அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் ஷோரூமுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களின் டவுன் பஸ் தடங்கள் இப்படித்தான் மெலிந்தன. திறந்த புதிதில் நூறு பஸ் வந்துபோன பேருந்து நிலையங்களில் இப்போது ஓரமாகப் பைக்குகள் நிற்கின்றன.

மின்வாகனம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது, காரணம் நிலக்கரி. ஒரு யூனிட்டில் மின் ஸ்கூட்டர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். ஆகவே கிலோமீட்டருக்கு 22 கிராம் அளவுக்கு வரும். இது நல்ல முன்னேற்றம், மறுக்கவே இல்லை. ஆனால், ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் மின் காரில் ஒருவர் தனியாகப் போனால் நூறு கிராம். பெட்ரோல் பைக்கைப் போல் இரண்டு மடங்கு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இந்த எண் இறங்கும். ஆனால், அந்தக் கார் சாலையில் அடைத்துக்கொள்ளும் இடம் ஓர் அங்குலமும் இறங்காது. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளின் வழியை மறிப்பது பெட்ரோல் காரா, மின் காரா என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

சென்னைக்கு மின்சாரப் போக்குவரத்து புதிது அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1895-ல் இந்தியாவின் முதல் மின் டிராம் ஓடிய ஊர் இது. 1953-ல் அது நிறுத்தப்பட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் வந்தது. இன்றைக்கும் தென்சென்னைப் புறநகரின் உயிர்நாடி அதுதான். இரண்டுமே பலரை ஒன்றாக ஏற்றிச் சென்ற மின்சாரம். தனி ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பைக் கொடுத்து, அதற்கு மின்சாரம் ஊட்டுவதைப் பசுமை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐந்து வார இடைவெளியில்

2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தது. 2011-க்குப் பிறகு வந்த முதல் உயர்வு. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதன் பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். என்றாலும், சுமை சுமைதான். தினம் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மாதப் பஸ் செலவும் பைக்கின் பெட்ரோல் செலவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பேருந்துகளில் கூட்டம் குறைந்தது.

சரியாக ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 24 அன்று, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க மானியம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். அந்த ஸ்கூட்டர் பல பெண்களின் வாழ்க்கையை மாற்றியது. இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாத ஊரில் வேலை முடிந்து திரும்பும் செவிலியருக்கு அது பாதுகாப்பு. அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது அரசின் போக்கைப் பற்றி. ஒரு மாதத்தில் பஸ்ஸை விலை கூட்டி, அடுத்த மாதத்தில் ஸ்கூட்டரை விலை குறைத்த அரசு, மக்களிடம் எந்த வழியில் போகச் சொன்னது? எட்டு மணிக்கு மேல் பஸ் விடுவதும் அந்தச் செவிலியருக்கான பாதுகாப்புதானே?

மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற உத்தரவு வந்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. அந்தப் பேருந்துகளின் பயணிகளில் இப்போது பாதிக்கும் மேல் பெண்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் காசு வீட்டுக்குள் எங்கே போகிறது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். காய்கறிக்கு, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு, மாத்திரைக்கு.

இதை நாம் பெண்கள் நலத் திட்டமாக மட்டுமே பேசுகிறோம். எதிர்ப்பவர்கள் இலவசம் என்று ஏளனம் செய்கிறார்கள். என் கணிப்பில், போக்குவரத்துத் துறையில் தமிழ்நாடு எடுத்த மிகப் பெரிய பருவநிலை நடவடிக்கை இதுதான். இந்தப் பெண்கள் எல்லோரும் ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டு வந்தவர்கள் அல்லர். ஷேர் ஆட்டோவில் போனவர்கள், நடந்து போனவர்கள், போக வழியில்லாமல் வீட்டிலேயே இருந்தவர்கள். ஆனால், இவர்களில் பலர் நாளைக்கு ஸ்கூட்டர் வாங்கியிருப்பார்கள். அந்த நாளைத்தான் இந்தத் திட்டம் தள்ளிப்போட்டிருக்கிறது.

எவ்வளவு காலத்துக்குத் தள்ளிப்போடும் என்பது நிறுத்தத்தில் தெரியும். சென்னையில் ஏதாவது ஒரு நெரிசலான நிறுத்தத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். டீலக்ஸ் ஒன்று வருகிறது, போகிறது. பின்னால் இன்னொரு டீலக்ஸ். பெண்கள் கழுத்தை நீட்டி அதற்கும் பின்னால் பார்க்கிறார்கள், கட்டணமில்லாத பிங்க் நிறப் பஸ் வருகிறதா என்று. வருகிறது. நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நிற்பதால் முப்பது அடி தள்ளி நடுச் சாலையில் நிற்கிறது. கூடை, குழந்தை, டிபன் பையோடு எல்லோரும் ஓடுகிறார்கள். முன்னால் ஓடியவர் ஏறிவிட்டார். மூட்டுவலிக்காரப் பாட்டி கம்பியைப் பிடிக்கும் முன்னே விசில் ஊதியாகிவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று அங்கே சொல்வாரில்லை. உட்கார இடமும் இல்லை, நிழற்குடையின் இருக்கையில் பாதி உடைந்து கிடக்கிறது. கட்டணமில்லாப் பயணத்துக்கு இந்தப் பெண்கள் கொடுக்கும் கட்டணம் இந்தக் காத்திருப்பு. ஒரு நாள் அந்தப் பாட்டியின் மகன், "இனிமே நானே கொண்டாந்து விடுறேம்மா" என்று பைக்கை எடுப்பான்.

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 60 பேருந்து இருக்க வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த அளவுகோல். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் இருக்கும் சென்னைப் பெருநகருக்கு ஆறாயிரமாவது வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய, புகையில்லாத பேருந்துகள். மனதார வரவேற்கிறேன். ஆனால், பழைய பேருந்தைக் கழித்துக்கட்டிவிட்டு அதே இடத்தில் மின்பேருந்தை நிறுத்தினால் புகை குறையும், காத்திருப்பு குறையாது. எத்தனை புதுப் பேருந்து வந்தது என்று கேட்பதோடு, மொத்த எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்றும் சட்டமன்றத்தில் யாராவது கேட்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு. நல்ல வேலை. இதற்கான ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் இயற்றியது 2010-ல் என்பதையும், வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை நிலத் தகராறில் பத்தாண்டுக்கும் மேல் தொங்கியதையும் நினைத்தால், நம் வேகம் புரியும்.

புதுக்கோட்டையின் சக்கரங்கள்

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டு நகரங்களை உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு ஆனது. விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி, முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள், பேசட்டும் என்று இவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதித்தான் உலகம் இதை அறிந்தது.

அவர் எழுதியதில் என்னை நிறுத்தியது வருமானம் பற்றிய பகுதி. விளைபொருள் விற்கப் போகும் பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்த காலத்தில் ஒன்றிரண்டு ஊருக்குத்தான் போக முடிந்தது. அதுவும் வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிடும் என்ற பதற்றத்தோடு. சைக்கிள் வந்த பிறகு கூடுதல் ஊர், கூடுதல் விற்பனை, அவசரமில்லாத மாலை. தண்ணீர்க் குடத்தையும் அதிலேயே கொண்டுவந்தார்கள். அங்கே யாரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் யாரும் சைக்கிளைத் தொட்டிருக்கவும் மாட்டார்கள். அன்றாடத்தில் உடனே கையில் கிடைக்கும் பயன் இருந்ததால்தான் ஒரு மாவட்டமே சக்கரம் ஏறியது.

பதினொன்றாம் வகுப்பு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி 2001-02-ல் பட்டியல் இனத்து, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. பிஹார் 2006-ல் இதே போன்ற திட்டத்தைப் பெண் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதைக் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மூன்று கிலோமீட்டரில் ஒரு பெண்ணின் படிப்பே நின்றும் போயிருக்கிறது, தொடர்ந்தும் இருக்கிறது.

ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்த சைக்கிள் என்ன ஆகிறது? கொஞ்ச நாள் அப்பா ஓட்டுவார், பிறகு திண்ணையோரம் சாய்ந்துவிடும். பள்ளிப் பிள்ளைக்கு சைக்கிள் கொடுக்கும் அரசு, பெரியவர் ஓட்டுவதற்கு ஒரு தடம் போட்டுத் தருவதில்லை. வளர்ந்தவர் சைக்கிளில் போனால் வசதி இல்லாதவர் என்றே ஊர் நினைக்கிறது. வரன் பார்க்கும் வீட்டில் பையனுக்குப் பைக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அலுவலக வளாகங்களில் காருக்குக் கோடு போட்ட இடம் உண்டு, சைக்கிளுக்குக் காவலாளியின் அறைக்குப் பின்னால் ஒரு மூலைதான். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்களைக் கட்டும் வடமாநிலத் தொழிலாளர்கள் இரவில் விளக்கில்லாத சைக்கிளில் லாரிகளோடு லாரியாகத் திரும்புகிறார்கள். அந்தச் சாலையின் மிகப் பசுமையான பயணிகள் அவர்கள்தான். அவர்களுக்காக அந்தச் சாலையில் ஒரு முழம் இடம் ஒதுக்கவில்லை.

நடப்பவருக்கு எது வழி?

எந்தப் பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. அதனால்தான் நடைபாதையை நான் பேருந்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றது. அப்போது நாட்டுக்கே முன்னோடி அது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. 2019-ல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தது. அங்கே மாலையில் பேரப்பிள்ளைகளோடு முதியவர்கள் நிதானமாக நடப்பதைப் பார்க்கலாம். அது ஒரு கடைத்தெரு. அதே நிதானம் வியாசர்பாடியிலோ, பல்லாவரத்திலோ, மதுரை செல்லூரிலோ பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் நடப்பவருக்கு இல்லை.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் அது ஓர் அடி உயரத்தில் நிற்கிறது. ஏறினால் பத்தடியில் டிரான்ஸ்ஃபார்மர். இறங்கி, சுற்றி, மறுபடி ஏறினால் ஒரு வீட்டு வாசலின் சாய்தளம். மறுபடி இறங்கினால் ஏறி நிற்கும் கார். நாலு முறை ஏறி இறங்கிய பிறகு எந்த முதியவரும் சாலையிலேயே நடப்பார். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அந்த ஆண்டு தமிழ்நாட்டுச் சாலைகள் பறித்த உயிர்கள் மொத்தம் 17,884.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ம் கூறு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அந்த வழக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன். உடைந்த எலும்புகளைச் சேர்த்துவைக்கும் ஒருவர், எலும்பு உடையாமல் இருக்க நீதிமன்றம் போனதில் பெரிய நியாயம் இருக்கிறது.

பள்ளி வாசலைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் முடிச்சு கண்ணில் படும். வீடு ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால், சாலையில் வண்டிகள் அதிகம், பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். ஆகவே அம்மா ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். அவரைப் போல முந்நூறு பேர். எட்டரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டர், வேன், ஆட்டோ, கார் எல்லாம் ஒன்றையொன்று முட்டுகின்றன. நடந்து வரும் இரண்டு சிறுமிகள் மழைநீர் வடிகால் மூடிக்கும் ஒரு காரின் கதவுக்கும் நடுவே பையை முன்னால் இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள். அதைப் பார்க்கும் அவர்களின் அம்மா அடுத்த மாதம் ஸ்கூட்டர் வாங்கத் தீர்மானிக்கிறார். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்கிறார். அந்த நல்லது சேர்ந்து அடுத்தவர் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. இதைத் தனி மனிதர் உறுதிமொழி எடுத்துத் தீர்க்க முடியாது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அந்தத் தெருவுக்குள் வண்டிகள் நுழையாமல் தடுக்க உள்ளாட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் நினைத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

வெயிலைக் காரணம் சொல்கிறார்கள். நியாயமான காரணம். ஏப்ரல் மாத மதியத்தில் திருச்சியிலோ வேலூரிலோ அரை கிலோமீட்டர் நடப்பது தண்டனை. ஆனால், அந்த வெயிலைத் தணித்த மரங்களை வெட்டியது யார்? சாலை அகலப்படுத்துவதற்காக எத்தனை புளிய மரங்கள் சாய்ந்தன என்று நெடுஞ்சாலையோர ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுமை தூக்கி நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்ட நாடு இது. ராணி மங்கம்மாள் பெயரால் சாலையையும் சத்திரத்தையும் இன்றும் நினைவில் வைத்திருக்கும் நாடு. நடப்பவரின் நிழலைச் சாலையின் ஒரு பகுதியாகவே அன்று அவற்றை அமைத்தவர்கள் கருதினார்கள். இன்று ஒரு சாலைக்கு மதிப்பீடு போடும்போது தார், ஜல்லி, வடிகால், மின்கம்பம் எல்லாம் கணக்கில் வரும். ஒரு புங்கையும் ஒரு வேம்பும் வருவதில்லை, வந்தாலும் கம்பிக் கூண்டோடு காய்ந்து நிற்கின்றன. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் கடைசி முந்நூறு மீட்டருக்கு மட்டுமாவது இருபுறமும் மரம் வைத்து, மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற ஒப்பந்தம் போட்டால், அது மெட்ரோ ரயிலின் செலவில் ஒரு துளிகூட ஆகாது.

இதைப் படிப்பவர்களில் பலரிடம் வண்டி இருக்கும். இருபது கிலோமீட்டர் தூரத்து வேலைக்கு, நேரடிப் பஸ் இல்லாத தடத்தில் போகிறவரிடம் வண்டியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால், பாலுக்கு, காய்க்கு, டியூஷனுக்கு, கோயிலுக்கு, நகல் எடுக்க என்று வண்டியைக் கிளப்பும் பயணங்கள் வேறு. இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் இந்தச் சின்னப் பயணங்களில்தான் எஞ்சின் சூடாகும் முன்பே ஊர்ந்து, கிலோமீட்டருக்கு அதிகப் பெட்ரோல் குடிக்கிறது. காய் வாங்கப் பத்து நிமிடம் நடந்தால் வழியில் இரண்டு பேரிடம் பேசவும் முடிகிறது. இந்தப் பயணங்களை மாற்றுவதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். மாற்றியவர்களுக்குத்தான் நடைபாதையில் எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை, எந்தத் தடத்தில் இரவு பஸ் நின்றுபோனது என்பது தெரியவரும். வண்டியில் போகிறவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. நகரத்தில் குரல் எடுபடும் நடுத்தர வர்க்கம் பேருந்தை விட்டு இறங்கிய பிறகுதான் பேருந்துக்காகப் பேச ஆளில்லாமல் போனது என்று நான் நினைக்கிறேன்.

பேச இடம் இருக்கிறது. 2022 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஊராட்சிகளில் கிராம சபை நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்று மனுக்கள் வருகின்றன. பள்ளியிலிருந்து இருபக்கமும் அரை கிலோமீட்டருக்கு ஏறி இறங்கத் தேவையில்லாத நடைபாதை வேண்டும், நிறுத்தத்தில் உட்கார இருக்கையும் பஸ் வரும் நேரப் பலகையும் வேண்டும், கடைசி டவுன் பஸ் பத்து மணிக்கு வேண்டும் என்று ஒரு மனு எழுத ஒரு பக்கம் போதும். அதில் அந்த நிறுத்தத்தில் தினமும் காத்திருக்கும் பெண்களின் கையெழுத்தையும் வாங்கி, ஒரு நகலைப் பணிமனைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்துவிட்டால், வசூல் இல்லை என்று அந்தத் தடத்தில் அடுத்த ட்ரிப்பை வெட்டுவதற்கு முன் அவர் மேலதிகாரிக்குக் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.